கொண்டை ஊசி வளைவும் கண்ணாடி நம்பரும்

ஏற்காடு ஏறும்போது எங்கள் காரில் ஒரு விளையாட்டு உண்டு. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை, அதை யார் முதலில் படித்துச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு பாயிண்ட். பெரியவள்தான் எப்போதும் ஜெயிப்பாள். பலகை எனக்கே சரியாகத் தெரியும் முன்னால் "ஏழு!" என்பாள், "எட்டு!" என்பாள், என்ன கண்ணுடா இது என்று நானும் பெருமையாக இருந்தேன்.

2022 மே லீவில் போய்விட்டு இறங்கும்போது அவள் தூங்கிவிட்டாள். பாதி மலையில் விழித்ததும் சும்மா கேட்டேன், "பாப்பா, இது எத்தனாவது வளைவு?" பலகை நூறடி தூரத்தில் இருக்கிறது. கண்ணைச் சுருக்கினாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், அப்புறம் சாவகாசமாகச் சொன்னாள்: "தெரியலம்மா, நான்தான் தூங்கிட்டேன்ல."

அதாவது அவள் இத்தனை நாளும் பலகையைப் படிக்கவே இல்லை. எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள்!

வீட்டுக்கு வந்து விசாரித்தால் பள்ளிக்கூடத்திலும் அதே கதை. கரும்பலகையில் எழுதுவது தெரியாது, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள், எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்தாளாம். அப்போது அவளுக்கு 8 வயது. கண் டாக்டரிடம் போனோம், இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.75. கிட்டப்பார்வை, மயோபியா. நானும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மைனஸ் 4 போடுகிறவள், அதனால் எனக்கு ஆச்சரியத்தைவிடக் குற்றவுணர்ச்சிதான் அதிகம்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், முதல் தீர்ப்பு அவர்கள் சொன்னது: "செல்லுதான். எந்நேரமும் செல்லு." இரண்டாவது, தினம் பொன்னாங்கண்ணிக் கீரை. என் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் 30 வருஷம் வேலை பார்த்தவர், பற்றவைக்கும் நெருப்புக்கு முன்னால் குனிந்து வளையம் வளையமாகக் கோத்தவர். அவர் சொன்னது: "எனக்கும் கண்ணு இப்படித்தான் போச்சு, கிட்டக்க வச்சு வேலை பாத்தா போயிரும்." அப்பாவுக்கு வந்தது நாற்பதுக்கு மேல் எல்லாருக்கும் வருகிற வெள்ளெழுத்து, கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் விறைத்துப்போவதால் கிட்ட இருப்பது தெரியாது. பாப்பாவுக்கு வந்திருப்பது நேர் எதிர், கண்ணுருண்டையே முன்னும் பின்னுமாக நீண்டுவிட்டது, அதனால் தூரத்துப் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறக்குறைய இரண்டரை டயாப்டர், அதாவது கண்ணாடி நம்பரில் இரண்டரை, ஏறும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. இந்த ஒரு விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தால் பல வேலைகள் வேறு மாதிரி நடந்திருக்கும்.

கீரை விஷயத்தில் அத்தையை நான் கிண்டல் பண்ணப் போவதில்லை. நம் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் வைட்டமின் ஏ குறைவால் பிள்ளைகளுக்கு மாலைக்கண் வந்தது, பார்வையே போனது, அந்த நினைவுதான் கீரையாக நம் வீட்டு அடுப்பில் இருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் சுமார் 15,000 சின்னப் பிள்ளைகளுக்கு வாராவாரம் கொஞ்சமாக வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு உண்டு, மதுரை டாக்டர்கள் முன்நின்று செய்தது, 1990இல் வெளிவந்தது. கொடுத்த பிள்ளைகளிடம் இறப்பு 54 சதவீதம் குறைவு. கண்ணுக்காக ஆரம்பித்த விஷயம் உயிரையே காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நீண்ட கண்ணைக் கீரை ஒன்றும் செய்யாது. பாப்பா பொன்னாங்கண்ணி சாப்பிடுகிறாள், நல்லதுதான், நம்பர் அது பாட்டுக்கு ஏறுகிறது.

அதுகூடப் பரவாயில்லை. கண்ணாடி வாங்கப் போன கடையில் ஒருவர், "கொஞ்சம் கம்மி பவர்ல போட்டுக் குடுக்கிறேன்க்கா, கண்ணு சோம்பேறி ஆகாது, நம்பர் ஏறாது" என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். எட்டு மாதம் பாப்பா அரைகுறையாகப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். பின்னால்தான் தெரிந்தது, இதை மலேசியாவில் 94 பிள்ளைகளை வைத்து இரண்டு வருஷம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், 2002இலேயே முடிவு வந்துவிட்டது: முழுப் பவர் போட்டவர்களுக்கு 0.77 ஏறியது, குறைத்துப் போட்டவர்களுக்கு 1.00 ஏறியது. இருபது வருஷம் பழைய செய்தி, கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. யார் எங்கே சொன்னாலும் கேட்காதீர்கள், டாக்டர் எழுதிய பவரையே போடுங்கள்.

அதற்கப்புறம்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதுகிறவள், ஆனால் எண்களைப் பார்த்தால் விடமாட்டேன். என்னைப் படுக்க விடாமல் பண்ணிய ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சீன வம்சாவளிப் பிள்ளைகள், 6, 7 வயது. பரம்பரை ஒன்றேதான். சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3.3. சரி, சிட்னிப் பிள்ளைகள் படிக்காமல் திரிந்திருப்பார்கள் என்று நினைத்தால், கிடையாது, வாரத்துக்கு அதிகப் புத்தகம் படித்தது அவர்கள்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று பெரிதாக இருந்தது: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூரில் 3.05 மணி நேரம்.

மூன்று மணி நேரம். பாப்பா வாரத்தில் எவ்வளவு நேரம் வெளியே இருக்கிறாள் என்று எழுதிப் பார்த்தேன். வேனுக்குக் காத்திருப்பது, வேனிலிருந்து இறங்கி அபார்ட்மெண்ட் படி ஏறுவது, ஞாயிற்றுக்கிழமை கோயில், எல்லாம் சேர்த்து இரண்டேகால் மணி. சிங்கப்பூரை ஜெயித்துவிட்டோம்.

அவள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தது 2020இல், ஞாபகம் இருக்கிறதா அந்த வருஷம். என் செல்போனில்தான் முழு வகுப்பும், சோபாவில் படுத்துக்கொண்டு முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து 'அ ஆ' படித்தாள். சீனாவில் ஃபெய்ச்செங் என்ற ஊரில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் கண் சோதனை செய்கிறார்கள். 6 வயதுக்காரர்களில் முந்தைய வருஷங்களில் அதிகபட்சம் 5.7 சதவீதம் பேருக்கு இருந்தது, 2020இல் ஊரடங்கு முடிந்து பார்த்தபோது 21.5 ஆகிவிட்டது. அந்த எண்ணைப் படித்தபோது சோபாவில் படுத்திருந்த பாப்பாதான் கண்முன் வந்தாள்.

அப்படியென்றால் செல் தப்பு இல்லையா? தப்புதான். 2025இல் 45 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்ததில் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திரை பார்த்தால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு 21 சதவீதம் கூடுகிறது என்று வந்திருக்கிறது. அத்தைக்கு அதைப் படித்துக் காட்டினேன், "இதுக்கு ஆராய்ச்சி வேற பண்ணானா" என்றார்கள். ஆனால் செல்லைப் பிடுங்கி வைத்துவிட்டு அதே பிள்ளையை டியூஷனில் டியூப் லைட் வெளிச்சத்தில் உட்கார வைத்தால் பிரச்சினை பாதிதான் தீர்ந்தது, ஏனென்றால் விஷயத்தின் இன்னொரு பாதி வெளிச்சம்.

வெளிச்சம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கோழிக்குஞ்சு வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். (நாமக்கல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் கோழிக்கு இந்தப் பெருமை கிடைக்கவில்லை.) குஞ்சின் கண்ணை மங்கலான மூடியால் மறைத்தால் கண் நீண்டு கிட்டப்பார்வை வந்துவிடும். ஜெர்மனியில் அந்த மூடியோடேயே குஞ்சுகளைப் பலத்த வெளிச்சத்தில் வளர்த்தார்கள், நீள்வது மட்டுப்பட்டது. டோபமைன் என்ற ரசாயனம் வேலை செய்யாமல் தடுக்கும் மருந்தைக் கண்ணில் செலுத்தினார்கள், வெளிச்சத்தின் பலன் போய்விட்டது. ஆக, பலத்த வெளிச்சம் பட்டால் விழித்திரை டோபமைன் சுரக்கிறது, அது கண்ணைப் பார்த்து 'வளர்ந்தது போதும்' என்கிறது என்பதுதான் இப்போதைக்குப் பலரும் ஒப்புக்கொள்கிற விளக்கம்.

இதைப் படித்ததும் செல்லில் வெளிச்சம் அளக்கிற ஒரு ஆப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க அளந்தேன். துல்லியமாக இருக்காது, ஆனாலும் பாருங்கள். ராத்திரி ஹாலில் டியூப் லைட்டுக்குக் கீழே, பாப்பா வீட்டுப்பாடம் எழுதுகிற இடம்: 140 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு). பகலில் ஜன்னலோரம்: 600. சாயங்காலம் 5 மணிக்குக் கீழே இறங்கி வேப்ப மர நிழலில் நின்றேன்: 7,000. நிழலில்! நாலடி நகர்ந்து வெயிலில் வைத்தால் 40,000ஐத் தாண்டியது. நம் கண் எவ்வளவு நைச்சியமாகச் சமாளிக்கிறது என்று அன்றுதான் புரிந்தது, ஹாலும் 'நல்ல வெளிச்சமாகத்தான்' தெரிந்தது எனக்கு. போன மாதம் ஏற்காட்டில் மேகம் மூடிய ஒரு காலையில், காப்பித் தோட்டத்துக்குள், மேலே சில்வர் ஓக், கீழே காப்பிச் செடி, குளிரில் கை விறைக்க அளந்தேன்: 2,500. அந்த இருட்டே எங்கள் ஹாலைவிடக் கிட்டத்தட்ட 18 மடங்கு.

நிழல் போதும் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. ஏனென்றால் சேலத்து ஏப்ரல் வெயிலில் பிள்ளையை வெளியே அனுப்பு என்றால் எந்தத் தாயும் அனுப்ப மாட்டாள். தைவானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 693 பேரை வைத்துச் செய்த சோதனை 2018இல் வந்தது, சுள்ளென்ற வெயில் வேண்டியதில்லை, மர நிழல், தாழ்வாரம் மாதிரி 1,000 லக்ஸுக்கு மேல் உள்ள இடத்தில் கூடுதல் நேரம் இருந்தாலே பலன் உண்டு என்றது. அந்த நாட்டில் 2010இலிருந்து பள்ளிக்கூடங்களில் தினம் 120 நிமிஷம் வெளியில் என்று திட்டமே போட்டார்கள். பார்வை குறைந்த பள்ளிப் பிள்ளைகள் 2001இல் 34.8 சதவீதம், ஏறி ஏறி 2011இல் 50 ஆகியிருந்தது, 2015இல் 46.1க்கு இறங்கியது. சின்ன இறக்கம்தான், ஆனால் ஏறிக்கொண்டே இருந்த ஒன்று முதல்முறையாகத் திரும்பியது. சீனாவின் குவாங்சோவில் தினம் கூட 40 நிமிஷம் மட்டும் வெளியில் விட்டுப் பார்த்தார்கள்: மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், விடாத பள்ளிகளில் 39.5.

40 நிமிஷம் என்பது ஒரு பீரியட். எங்கள் பிள்ளைகளின் கால அட்டவணையில் பி.டி. பீரியட் வாரத்துக்கு இரண்டு இருக்கிறது, காகிதத்தில். ஒன்றைக் கணக்கு எடுத்துக்கொள்ளும், இன்னொன்றை எந்தப் பாடம் பாக்கியோ அது எடுத்துக்கொள்ளும். நான் படித்த காலத்திலும் இப்படித்தான், அப்போது அதை விளையாட்டு போச்சே என்று மட்டும் நினைத்தோம்.

இனி கசப்பான பகுதி. இவ்வளவையும் படித்துவிட்டு உற்சாகமாக டாக்டரிடம் போனேன், தினம் இரண்டு மணி நேரம் பாப்பாவை வெளியில் விடப்போகிறேன் என்றேன். அந்த டாக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள், "விடுங்க, நல்லது. ஆனா வெளிச்சம் பெரும்பாலும் வர்றதுக்கு முன்னாடி தடுக்கிற விஷயம். வந்தப்புறம் ஏறுறதை அவ்வளவா நிறுத்தாது." கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம் அவர்களே, "சின்னவனுக்கு எத்தனை வயசு?" என்றார்கள்.

சின்னவனைப் பற்றி அப்புறம். பாப்பாவுக்குச் சொட்டு மருந்து எழுதினார்கள். அட்ரோபின், மிகக் குறைந்த அளவு, ராத்திரி படுக்கும் முன் கண்ணுக்கு ஒரு சொட்டு. அட்ரோபின் எங்கே இருக்கிறது என்று தேடினால், ஊமத்தையில் இருக்கிற அதே சங்கதி! இதை நான் அத்தையிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "ஊமத்தங்காயா? புள்ளை கண்ணுலயா?" என்று எழுந்தவர்கள் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அளவில்தான் இருக்கிறது எல்லாம், அந்த அளவுக்குத்தான் இவ்வளவு ஆராய்ச்சியும். (ஊமத்தையை யாரும் வீட்டில் பிழிந்து பார்க்காதீர்கள், நிஜமாகவே விஷம்.)

முதலில் 1 சதவீத மருந்தை சிங்கப்பூரில் 400 பிள்ளைகளிடம் சோதித்தார்கள், 2006இல் முடிவு வந்தது, நம்பர் ஏறுவது நன்றாகக் குறைந்தது. ஆனால் கண்பாவை விரிந்து வெளிச்சத்தில் கூசும், கிட்ட இருக்கிற எழுத்து மங்கும், மருந்தை நிறுத்தினால் விட்டதைப் பிடிக்கிற மாதிரி வேகமாக ஏறும். அதனால் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து 0.01 சதவீதத்தில் நின்றார்கள், உலகம் முழுக்க டாக்டர்கள் அதை எழுத ஆரம்பித்தார்கள். ஹாங்காங்கில் 438 பிள்ளைகளிடம் மூன்று அளவை ஒப்பிட்டார்கள், ஒரு வருஷத்தில் 0.05 போட்டவர்களுக்கு ஏற்றம் 67 சதவீதம் குறைந்தது, 0.01க்கு 27 மட்டும். டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் முன்நின்ற இந்திய ஆய்வில் 0.01லேயே பலன் தெரிந்தது. அமெரிக்காவில் 187 பிள்ளைகளிடம் இரண்டு வருஷம் பார்த்ததில், 2023இல் வெளிவந்தது, 0.01க்கும் மருந்தே இல்லாத வெறும் சொட்டுக்கும் வித்தியாசமே இல்லை. இப்படி முன்னும் பின்னும் இழுப்பதைப் பார்த்தால் எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. ஆனால் ஒருவர் சொன்னதை அடுத்தவர் திரும்பச் சோதிக்கிறார் என்பதே, கடைக்காரர் சொன்னதற்குத் தலையாட்டிய எனக்கு மரியாதைக்குரியதாகப் பட்டது. பாப்பாவுக்கு முதலில் 0.01, ஆறு மாதத்தில் ஏற்றம் நிற்கவில்லை, இப்போது 0.05. வெயிலில் கொஞ்சம் கூசுகிறது என்கிறாள், தொப்பி போடுகிறாள். மைனஸ் 3.25இல் ஒரு வருஷமாக நிற்கிறது.

நிற்கட்டும் என்று ஏன் இவ்வளவு பாடு என்றால், கண்ணாடி போட்டால் பார்வை தெரிந்துவிடும், ஆனால் நீண்ட கண் உள்ளே இழுபட்டு மெலிந்திருக்கும். மைனஸ் 6க்கு மேல் போனால் பின்னாளில் விழித்திரை கிழிவது, பிரிவது, கண் நீர் அழுத்த நோய் எல்லாம் வரும் வாய்ப்பு கூடும். ஒரு டயாப்டர் குறைவாக நிறுத்தினாலே மாகுலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, கெடும் ஆபத்து சுமார் 40 சதவீதம் குறையும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே ஒரு டயாப்டர்!

சின்னவனுக்கு இப்போது 5 வயது. இன்னும் கண்ணாடி இல்லை. அம்மாவுக்கு இருக்கிறது, அக்காவுக்கு இருக்கிறது, வரிசையில் அடுத்தது அவன்தான். ஹாங்காங்கில் கண்ணாடி வராத 4 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கே சொட்டுப் போட்டுப் பார்த்ததில் இரண்டு வருஷத்தில் 0.05 போட்டவர்களில் 28.4 சதவீதம் பேருக்கும், வெறும் சொட்டுப் போட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கும் கிட்டப்பார்வை வந்தது. டாக்டர் அம்மா "இப்ப வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கொண்டுவாங்க, வெளியில விடுங்க" என்றார்கள்.

விடுகிறோம். அதற்கு வழி கண்டுபிடித்தது அத்தை, நான் இல்லை. ஆராய்ச்சி எல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, "தெருவுல விளையாடுற புள்ளைக்குக் கண்ணு கெடாதுன்னு சொல்ல இத்தனை பேர் வேணுமா" என்றுவிட்டு, தினம் நாலே முக்காலுக்கு அவனை இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறார்கள். வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று நிரந்தரமாகிவிட்டது. முதலில் இவன் மட்டும்தான், இப்போது அபார்ட்மெண்ட் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், ஆறரை வரைக்கும் ஒரே கூச்சல், முடிவில் தட்டுவடை செட் வாங்கித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். இரண்டு மணி நேரம் ஆகவில்லை, ஒன்றே முக்கால்தான். மழை நாளில் பூஜ்யம். பரீட்சை வந்தால் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் பால்கனியிலிருந்து கூப்பிட்டுக்கொள்கிறார்கள், நானும் பெரியவள் விஷயத்தில் அப்படிக் கூப்பிட்டவள்தான், என்ன சொல்வது.

டெல்லிப் பள்ளிகளில் எடுத்த கணக்கில் 13.1 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை இருந்தது, தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தவர்களுக்குக் குறைவு. பாப்பாவின் வகுப்பில் எத்தனை கண்ணாடி என்று கேட்டேன். 38 பேரில் 11 என்று எண்ணிச் சொன்னாள். எண்ணுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

போன மாதம் ஏற்காடு போனோம் என்றேனே, அன்றைக்கு விளையாட்டு மறுபடி நடந்தது. பாப்பா கண்ணாடியோடு, நேர்மையாக, எல்லாப் பலகையையும் படித்தாள். சின்னவனும் போட்டிக்கு "ஒம்போது! பத்து!" என்று கத்திக்கொண்டு வந்தான். எனக்குப் பக்கென்றது. இவன் பார்க்கிறானா, அக்கா மாதிரி எண்ணுகிறானா? பன்னிரண்டாவது வளைவுக்கு முன்னால் காரை ஓரங்கட்டச் சொன்னேன். "கண்ணா, நம்பர் வேண்டாம், அதுக்குப் பக்கத்துல இன்னொரு பலகை இருக்கு பாரு, அதுல என்ன எழுதியிருக்கு?" இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுகிறான். ஜன்னலில் தலையை நீட்டினான். கண்ணைச் சுருக்குகிறானா என்று நான் பலகையை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒ... லி," என்றான், "எ... ழு... ப்..." பின்னால் வந்த பஸ்காரர் நிஜமாகவே ஒலி எழுப்பிவிட்டார், அவர் அடித்த அடியில் மீதி எழுத்தை அவன் படித்தானா, ஊகித்தானா தெரியவில்லை. சுருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். டிசம்பரில் செக்கப் இருக்கிறது.